பட்டியலில் இல்லாத பெயர்

பள்ளி அணிக்கான தேர்வு முடிந்ததும் அறிவிப்புப் பலகையில் ஒரு பட்டியல் ஒட்டப்படுகிறது. அதில் பெயர் இருப்பவர்கள் மகிழ்ச்சியில் துள்ளுகிறார்கள். பெயர் இல்லாதவர்கள் அமைதியாகத் திரும்பிச் செல்கிறார்கள். அவர்களுள் பலர் அன்றோடு அந்த விளையாட்டையே விட்டுவிடுகிறார்கள். இது சரியான முடிவுதானா? அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் ஜெரமி லின் கடந்துவந்த பாதை இக்கேள்விக்குத் தெளிவான விடை தருகிறது என்பது என் கருத்து.

லின்னின் கதையைப் பலர் அதிர்ஷ்டக் கதையாகவே சொல்கிறார்கள். 2012ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் அவர் சில நாள்களுக்குள் உலகப் புகழ் பெற்றார் என்பது உண்மைதான். ஆனால், அந்தச் சில நாள்களை மட்டும் பார்ப்பவர்கள், அவற்றுக்கு முன் கழிந்த ஆண்டுகளைப் பார்க்கத் தவறிவிடுகிறார்கள்.

லின் 1988ஆம் ஆண்டு கலிபோர்னியா மாநிலத்தில் பிறந்தார். அவருடைய பெற்றோர் தைவானிலிருந்து அமெரிக்காவுக்குச் சென்று குடியேறியவர்கள். கூடைப்பந்தில் பந்தைத் தட்டி நகர்த்தி, சக ஆட்டக்காரர்களுக்கு வழங்கி, ஆட்டத்தை நடத்திச் செல்பவரைக் ‘கார்டு’ என்று அழைப்பார்கள். லின் அந்த நிலையில் ஆடியவர். பாலோ ஆல்டோ உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது அவர் அணித் தலைவராக இருந்தார். 2006ஆம் ஆண்டு அவருடைய அணி, பெரும்பலம் வாய்ந்த மேட்டர் டே பள்ளி அணியை வீழ்த்தி மாநில வெற்றியாளர் பட்டத்தைக் கைப்பற்றியது.

இவ்வளவு சாதித்தும் எந்தப் பெரிய பல்கலைக்கழகமும் அவருக்கு விளையாட்டுக்கான உபகாரச் சம்பளம் வழங்க முன்வரவில்லை. லின் சோர்ந்துவிடவில்லை. தம் ஆட்டத்தின் காணொளியைப் பல பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பிவைத்தார். இறுதியில், தமக்கு அணியில் இடம் தருவதாக உறுதியளித்த ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கு விளையாட்டுக்கென்று உபகாரச் சம்பளம் கிடையாது. அணியில் இருப்பவரும் மற்ற மாணவர்களைப் போலவே படித்துத்தான் தேற வேண்டும். லின் நான்கு ஆண்டுகள் பொருளியல் படித்து, 2010ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். அதே நான்கு ஆண்டுகளில் கல்லூரி ஆட்டங்களில் 1,483 புள்ளிகளையும் குவித்தார்.

அடுத்த படி தொழில்முறை ஆட்டம். அந்த வாசல் எவ்வளவு குறுகலானது என்பதை எண்ணிக்கையே காட்டும். என்.பி.ஏ. எனப்படும் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துச் சங்கத்தில் இருப்பவை 30 அணிகளே. ஆண்டுக்கு ஒருமுறை நடைபெறும் புதிய ஆட்டக்காரர் தேர்வில் அதிகபட்சம் 60 பேர் மட்டும் தேர்ந்தெடுக்கப்படுவார்கள். ஆனால், கல்லூரிப் போட்டிகளின் உயர் பிரிவில் மட்டும் 340க்கும் மேற்பட்ட அணிகள் ஆடுகின்றன. 2010ஆம் ஆண்டுத் தேர்வில் 60 பெயர்களும் வாசிக்கப்பட்டன. லின்னின் பெயர் அவற்றில் இல்லை.

அதன் பிறகு, கோடைக்காலப் பயிற்சி ஆட்டங்களில் அவர் திறமை காட்டியதால் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. ஆனால், அங்கு அவர் பெரும்பாலும் இருக்கையில் அமர்ந்திருந்தார். வளரும் ஆட்டக்காரர்களுக்கான கீழ்நிலை லீக்கிற்கு அவர் பலமுறை அனுப்பப்பட்டார். 2011ஆம் ஆண்டு டிசம்பரில் வாரியர்ஸ் அவரை விடுவித்தது. அடுத்துச் சேர்த்துக்கொண்ட ஹியூஸ்டன் ராக்கெட்ஸ் அணியும் இரண்டு வாரத்திற்குள் அவரை விடுவித்தது. சில நாள்களில் நியூயார்க் நிக்ஸ் அணி அவரை எடுத்தது. அங்கும் அவருடைய இடம் உறுதியாக இல்லை. அதனால், அவர் வீடு எடுக்காமல் தம் அண்ணன் வீட்டுச் சோபாவில் உறங்கினார்.

இந்தக் கட்டத்தை நாம் கூர்ந்து கவனிக்க வேண்டும். 2012 ஜனவரியில் நிக்ஸ் அணியும் அவரைக் கீழ்நிலை லீக்கிற்கு அனுப்பியது. மனம் வெறுத்துப்போய் ஏனோதானோவென்று ஆடியிருந்தால் அவரை யாரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். ஆனால், அங்கு ஆடிய ஓர் ஆட்டத்தில் அவர் 28 புள்ளிகள் எடுத்தார். 11 முறை பந்தைக் கைப்பற்றினார். மற்றவர்கள் புள்ளி பெற 12 முறை துணைபுரிந்தார். உயர்நிலை அணிகள் பெரிதாகக் கருதாத அந்த ஆட்டத்திலும் அவர் முழு மனத்தோடு ஆடினார். என்னைப் பொறுத்தவரை, உலகம் பார்த்த ஆட்டங்களைவிட இந்த ஆட்டமே பாராட்டத்தக்கது.

அவ்வேளையில் நிக்ஸ் அணி தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்தது. பிப்ரவரி 4ஆம் நாள், வேறு வழியின்றிப் பயிற்றுநர் லின்னைக் களமிறக்கினார். லின் அன்று 25 புள்ளிகள் எடுத்தார். அணி வென்றது. அடுத்தடுத்து ஏழு ஆட்டங்களில் அந்த அணி வெற்றி கண்டது. பிப்ரவரி 10ஆம் நாள், புகழ்பெற்ற லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் அணிக்கு எதிராக அவர் 38 புள்ளிகள் குவித்தார். அதுவரை அவர் பெயரையே அறியாதவர்கள் அவருடைய சட்டை எண்ணை அணியத் தொடங்கினார்கள்.

ஒருவாரத்தில் ஒருவருக்குத் திடீரென்று திறமை முளைத்துவிடுமா? முளைக்காது. அப்படியானால், அதே திறமை முன்பு ஏன் கண்ணில் படவில்லை? ஹியூஸ்டன் அணியின் நிர்வாகியாக இருந்த டாரில் மோரே, லின்னை விடுவித்தது தவறு என்று பின்னர் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். தங்களுடைய கணக்கீடுகள் லின்னைச் சிறந்த ஆட்டக்காரர் என்று காட்டியிருந்தும், அவர் ஆசிய வம்சாவளியினர் என்பதால் அவருக்கு உடல்திறன் போதாது என்று எல்லாரும் எண்ணிவிட்டதாக அவர் கூறியிருக்கிறார். கண் முன்னே சான்று இருந்தும் தோற்றத்தை வைத்தே முடிவெடுத்துவிட்டார்கள்.

இந்தத் தவறு அமெரிக்காவில் மட்டும் நடப்பதன்று. “இவன் குள்ளம், கூடைப்பந்துக்குச் சரிப்பட மாட்டான்”, “இவள் அமைதியானவள், மேடைப் பேச்சுக்கு ஒத்துவர மாட்டாள்” என்று நாமும் எளிதில் சொல்லிவிடுகிறோம். ஒருவரை ஆடவிட்டுப் பார்ப்பதற்கு முன்பே அவருடைய எல்லையை வரைந்துவிடுகிறோம். ஆகவே, தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் இருப்பவர்கள் ஒருமுறை ஒதுக்கியவரை மறுமுறை பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். தேர்வு பெறாத மாணவர்களுக்கும் பயிற்சிக் களம் திறந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் கீழ்நிலை லீக் ஒன்று இல்லாமல் இருந்திருந்தால், லின் காத்திருந்த நாள்களில் அவருடைய ஆட்டம் மங்கியிருக்கும்.

“லின்னைப் போல உழைத்தும் வாய்ப்புக் கிடைக்காதவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்களே!” என்று சிலர் கேட்கலாம். இக்கேள்வி நியாயமானதே. உழைத்தவர் அனைவரும் வெல்வார்கள் என்று நான் கூற வரவில்லை. நிக்ஸ் அணி அந்த வாரம் நல்ல நிலையில் இருந்திருந்தால், லின்னும் அறியப்படாமலே போயிருக்கலாம். வாய்ப்பு நம் கையில் இல்லை. ஆயத்தம் நம் கையில் இருக்கிறது. வாய்ப்பே வராமல் போயிருந்தாலும், கையில் ஒரு பட்டத்தோடும் கடும் பயிற்சியால் வந்த ஒழுங்கோடும் அவர் வேறு துறையில் நிமிர்ந்து நின்றிருப்பார். எனவேதான், படிப்பா விளையாட்டா என்று மாணவர்களையும் பெற்றோரையும் வாட்டும் கேள்வியே பொருத்தமற்றது என்கிறேன். இரண்டையும் ஒருசேர நடத்துவது கடினம். ஆனால், அந்தக் கடினமே நேரத்தை ஆளக் கற்றுத் தருகிறது.

புகழின் உச்சியில் லின்னின் கதை முடிந்துவிடவும் இல்லை. அதே பருவத்தில் முழங்காலில் அறுவைச் சிகிச்சை செய்துகொள்ள நேர்ந்தது. பிறகு, ஹியூஸ்டன் உள்படப் பல அணிகளுக்கு ஆடினார். 2017ஆம் ஆண்டு புதிய பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே பெருங்காயம் அடைந்து, அந்தப் பருவம் முழுவதையும் இழந்தார். 2019இல் டொரொண்டோ ராப்டர்ஸ் அணி வெற்றியாளர் பட்டம் வென்றபோது அவரும் அந்த அணியில் இருந்தார்; ஆனால், இறுதிச் சுற்றில் அவருக்கு ஆடக் கிடைத்த நேரம் மிகவும் சொற்பம். அடுத்த பருவத்திற்கு அவரை எந்த அணியும் அழைக்கவில்லை. அந்த வேதனையை அவர் தைவான் மேடை ஒன்றில் கண்ணீரோடு பகிர்ந்துகொண்டார்.

அதன் பிறகும் அவர் பந்தைக் கீழே வைக்கவில்லை. பெய்ஜிங்கில் ஆடினார். பின்னர், பெற்றோரின் பூர்வீகமான தைவானுக்குச் சென்று, தம் தம்பியுடன் ஒரே அணியில் ஆடிப் பட்டங்கள் வென்றார். 2025ஆம் ஆண்டு தொழில்முறை ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். கல்லூரிப் படிப்பை முடித்துப் பதினைந்து ஆண்டுகள் அவர் ஆடியிருக்கிறார். அவற்றுள் உலகம் நினைவில் வைத்திருப்பது சில வாரங்களைத்தான்.

அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். அம்மி எப்போது நகரும் என்று அடிப்பவருக்கு முன்கூட்டியே தெரியாது. ஒரு பட்டியல் சொல்வது, தேர்ந்தெடுத்தவர்கள் அன்றைக்கு எதைக் கண்டார்கள் என்பதை மட்டுமே. அதில் உங்கள் பெயர் இல்லையென்றால் வருந்துங்கள், அது இயல்பு. ஆனால், மறுநாள் மாலை திடலுக்கு வருவதா வேண்டாமா என்பதை அந்தத் தாள் முடிவு செய்ய விடாதீர்கள். அதை முடிவு செய்ய வேண்டியவர் நீங்கள்தான்.