"நியூஸ் வாசிப்பியா கண்ணு?"

பவானியில் ஒரு பிள்ளை டிகிரியை முடித்துவிட்டு, "கோயமுத்தூர் போய் எம்.ஏ. இதழியல் படிக்கிறேன்" என்று சொன்னால், வீட்டில் வரும் முதல் கேள்வி இதுதான்: "அப்ப டிவியில நியூஸ் வாசிப்பியா கண்ணு?"

கேள்வியில் தப்பில்லை. 1993-ல் சன் டிவி வந்த பிறகு இந்தப் படிப்பென்றாலே எல்லோருக்கும் திரையில் தெரியும் முகம்தான் நினைவுக்கு வருகிறது. அந்த ஒரு முகத்துக்குப் பின்னால் செய்தியாளர், உதவி ஆசிரியர், ஒளிப்பதிவாளர், படத்தொகுப்பாளர் என்று எத்தனை பேர்! விளம்பரம், மக்கள் தொடர்பு, வானொலி என்று வெளியிலும் வழிகள் உண்டு. நெட் தேர்வில் தேறினால் கல்லூரி ஆசிரியர் வேலைக்கும் போகலாம்.

ஆரம்பச் சம்பளம் குறைவுதான். அதை மறைத்துப் பிள்ளைகளைச் சேர்ப்பது நியாயமில்லை. முகம் தெரிந்தால் போதும் என்பவர்களுக்கு இரண்டு வருடப் படிப்பே தேவையில்லை.

ஆனால் பவானிக்கு இந்தப் படிப்பு தேவை. பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்துப் பல வருடங்கள் ஆகிவிட்டன. இன்னமும் விசைத்தறி விரிப்புகள் அதே பெயரில் விற்கப்படுகின்றன. கைத்தறிக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை வாங்குபவருக்கு யார் சொல்வது? சாயக்கழிவு நொய்யலைக் கெடுத்த கதை, 2011-ல் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோதுதான் பலருக்குத் தெரிந்தது. ஆற்றங்கரையிலேயே வளர்ந்த ஒரு நிருபர் அதை முன்பே எழுதியிருப்பார்.

ஆகவே அடுத்த முறை வீட்டில் கேட்டால், "வாசிக்க இல்லீங்க, எழுத" என்று பிள்ளைகள் சொல்லலாம்.