கியோட்டோவில் ஒரு பந்தி விசாரிப்பு



சென்ற மாதம் கியோட்டோ நகரில் குருத்தோழர் ஒருவரின் அழைப்பின்பேரில் கைசெகி விருந்துண்டேன். படத்தைக் கண்ட சிலர், "சாமி, ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு இவ்வளவு ஆடம்பரமா?" என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி. அவ்வுணவு மலிவானதன்று, அதை நான் மறைக்கப் போவதில்லை.

கைசெகி என்பதற்கான எழுத்துகளுள் ஒரு வகைக்கு 'மடியில் வைத்த கல்' என்று பொருள். பசி தணிக்க ஜென் துறவிகள் சூடேற்றிய கல்லை ஆடைக்குள் வைத்துக்கொண்டனர் என்பது மரபு. 16-ஆம் நூற்றாண்டில் சென் நோ ரிக்கியூ செம்மைப்படுத்திய தேநீர் நெறியில், தேநீருக்கு முன் இடப்பட்ட எளிய உணவுக்கு இப்பெயர் அமைந்தது. ஆடம்பரம் பின்னர் வந்து சேர்ந்தது.

முதலில் கைதுடைக்க ஈரத் துண்டு. பின்பு ஒரே வாய் அளவில் ஒரு சிற்றுணவு. அடுத்து மூடியிட்ட அரக்குக் கிண்ணத்தில் தெளிந்த சாறு. மூடியை எடுத்தபோது எழுந்த கடற்பாசி மணத்தை இன்னும் மறக்கவில்லை. பச்சை மீன், சுட்ட மீன், வேகவைத்த காய்கள் ஒவ்வொன்றாக வந்தன. சோறும் மிசோ சாறும் ஊறுகாயும் இறுதியில்தான். சோற்றுக்காகக் காத்திருந்து களைத்த தமிழன் நான் ஒருவனே!

பரிமாறிய அம்மையார் ஒவ்வொரு முறையும் வாசலில் மண்டியிட்டே கதவைத் திறந்தார். கையால் உண்ணும்போது வலக்கைதான். இடக்கையை நீட்டினால் என் தாயார் கரண்டியால் தட்டுவார். குச்சிகளோ எனக்கு இடக்கையில்தான் நிற்கும். இரண்டாம் உணவுக்குப் பின் அவர் குச்சிகளை எனக்கேற்பத் திசைமாற்றி வைத்தார். ஒரு சொல்லும் சொல்லவில்லை. அன்பளிப்பை எதிர்பார்க்கவும் இல்லை. அந்நாட்டில் அவ்வழக்கமே கிடையாது.

ரிக்கியூவின் மாணவர் வரிசையில் நம்மவர் ஒருவர் இருக்கிறார்: அருளாளர் யுஸ்தோ தக்கயாமா உக்கோன். நம்பிக்கையைக் கைவிட மறுத்ததால் 1587-இல் ஆட்சிப் பகுதியை இழந்து, 1614-இல் நாடு கடத்தப்பட்டு, அடுத்த ஆண்டே மணிலாவில் இறந்தவர். 2017-இல் ஒசாகாவில் அருளாளராக உயர்த்தப்பட்டார். தேநீர் அறையே அவருக்குச் செப அறையாகவும் இருந்தது. விருந்தினரைக் கவனிப்பதும் இறைவன்முன் அமர்வதும் அவருக்கு ஒரே இடத்தில் நிகழ்ந்தன என்பதை அன்றிரவு வெகுநேரம் நினைத்திருந்தேன்.

'பந்தி விசாரித்தல்' என்று நமக்கும் ஒரு சொல் உண்டு. யார் இலையில் என்ன குறைகிறது என்று வீட்டார் நடந்து பார்ப்பது. புலம்பெயர்ந்த பின் அதைத் தொலைத்துவிட்டோம் என்பதே என் கருத்து. நம் பங்கு விழாவில் காகிதத் தட்டோடு வரிசையில் நிற்கிறோம். தெரிந்தவரோடு ஓரமாய் உண்டு கிளம்புகிறோம். சென்ற விழாவில் புதிதாக வந்த மாணவர் ஒருவர் சுவரோரம் நின்றே உண்டு போனார். அவர் பெயரை எவரும் கேட்கவில்லை. நானும்தான். இரண்டு முறை அவரைக் கடந்து சென்றேன். அதன்பின் அவர் திருப்பலிக்கு வரவில்லை. செலவைப் பற்றிக் கேட்டவர்களுக்கு நான் திருப்பிக் கேட்பது இதைத்தான்: மண்டியிட்டுக் கதவு திறந்த அம்மையார் கூலிக்குச் செய்ததை, நாம் ஏன் அன்புக்குக்கூடச் செய்யவில்லை?

வரும் விழாவில் வரிசை வேண்டாம். நீள்மேசை போட்டு அனைவரும் அமரட்டும். பங்குப் பேரவையினர் பரிமாறட்டும். சாம்பார் வாளி என் பொறுப்பு. அந்த மாணவரை அறிந்தவர் எவரேனும் இருந்தால், தயவுசெய்து அவருடைய தொலைபேசி எண்ணை எனக்குத் தனியே அனுப்புங்கள்.