வியர்க்காத பறவை!
கத்திரி வெயிலில் காடைகள் படும் பாடு

"ஆயிரம் கோழிக்கு அரைக் காடை" என்பார்கள். அந்தக் காடையைக் காப்பாற்றுவது கோடையில் பெரும்பாடாக இருக்கிறது.

திருவள்ளூர் மாவட்டத்தில், திருத்தணியில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது உண்டு. கும்மிடிப்பூண்டியில் வேறு தொல்லை. கடலும் பழவேற்காடு ஏரியும் அருகில் இருப்பதால் காற்றில் ஈரம் அதிகம். தொழிற்பேட்டைப் பகுதியில் தகரக் கூரையும் சிமெண்ட் தரையும் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன.

ஜப்பான் காடை

பண்ணைகளில் வளர்வது ஜப்பான் காடை. 1974-ம் ஆண்டு அமெரிக்காவில் இருந்து இந்தியாவுக்கு வந்தது. 5 வாரத்தில் கறிக்குத் தயாராகிவிடும். 7 வாரத்தில் முட்டையிடத் தொடங்கும். சிறு முதல் போட்டவருக்கும் சீக்கிரம் காசு கிடைக்கும்.

ஏன் இரைக்கிறது?

மனிதனின் உடல் வெப்பம் 37 டிகிரி. காடைக்கு 41 முதல் 42 டிகிரி. ஆனால் காடைக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது.

சூடு ஏறினால் அது இறக்கையை விரிக்கும். வாயைத் திறந்து வேகமாக மூச்சு விடும். மூச்சோடு ஈரம் ஆவியாகிப் போகும். அதனால் உடல் குளிரும்.

காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால்? மழைக்காலத்தில் துணி காயாதது போல, இந்த ஈரமும் எளிதில் ஆவியாகாது. ஆகவே, திருத்தணியைவிட வெயில் குறைவாக இருந்தாலும் கும்மிடிப்பூண்டியில் காடை துவண்டுவிடலாம்.

முட்டை ஓடு மெலிகிறது

தீனி செரிக்கும்போதும் உடலில் சூடு உண்டாகும். ஆகவே, காடை தீனியைக் குறைத்துவிடும். எடை குறையும். சுண்ணாம்புச் சத்தும் குறையும்.

இரைக்கும்போது கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறுகிறது. இரத்தத்தின் தன்மை மாறுகிறது. முட்டை ஓடு உருவாக வேண்டிய பொருள் போதிய அளவு கிடைப்பதில்லை. ஓடு மெலிந்து, தொட்டாலே உடைகிறது.

என்ன செய்யலாம்?

கூரை மேல் தென்னங்கீற்று பரப்பலாம், வெள்ளை அடிக்கலாம். கூண்டில் நெருக்கத்தைக் குறைக்க வேண்டும். அதிகாலையிலும் மாலையிலும் தீனி போட வேண்டும். குளிர்ந்த நீர் எப்போதும் இருக்க வேண்டும்.

ஈரக் காற்று உள்ள ஊரில் தண்ணீர் தெளித்தால் மட்டும் போதாது. காற்றோட்டமும் வேண்டும்.

பிறந்த குஞ்சின் கதை வேறு. முதல் வாரம் அதற்கு 35 டிகிரி சூடு தேவை. கோடைதானே என்று இரவில் விளக்கை அணைத்துவிடக் கூடாது.

யாருக்கு நஷ்டம்?

பெரிய பண்ணையில் மின்விசிறி சுழலும். கடன் வாங்கிக் கொட்டகை போட்டவருக்கோ, ஒரு பிற்பகல் வெயில் ஒரு மாத உழைப்பை அழித்துவிடும்.

2024-ல் தமிழக அரசு வெப்ப அலையைப் பேரிடராக அறிவித்தது. அந்த வெப்பம் கொட்டகைக்குள்ளும் புகுகிறது. வாயில்லாத பறவை முறையிடாது. வாயைத் திறந்து இரைப்பதுதான் அதன் முறையீடு!