துருவா, பசையா?

புதுச்சேரியில் ஒரு ஸ்க்ரூ கழலவில்லை என்றால் பழி முதலில் உப்புக் காற்றின் மேல்தான். "துரு பிடிச்சிருக்கும், எண்ணெய் விடு" என்போம். குருசுக்குப்பம் மாதிரி கடலை ஒட்டிய தெருக்களில் பல நேரம் அது சரியும்கூட. ஜன்னல் கொக்கி, கேட் கீல் இதற்கெல்லாம் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவைத்தால் போதும்.

ஆனால் பைக் டிஸ்க் பிரேக் போல்ட்டு, தையல் மிஷின் மோட்டார் ஸ்க்ரூ, லேப்டாப் அடிப்பக்கத்து ஸ்க்ரூ இவற்றில் எண்ணெய் வேலை செய்யாமல் போகலாம். அதிர்வில் கழன்றுவிடாமல் இருக்க, தயாரிக்கும்போதே மரையில் பசை தடவிவிடுவது உண்டு. கடையில் 'லாக்டைட்' என்று கேட்கிறோமே, அதுதான். உண்மையில் அது ஒரு பிராண்டின் பெயர். 1953-ல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில், டிரினிட்டி கல்லூரி வேதியியல் பேராசிரியர் வெர்னன் கிரீபிள் உருவாக்கியது. வேடிக்கையான பசை. காற்றுப் பட்டால் திரவமாகவே இருக்கும். காற்று இல்லாமல் உலோகத்தோடு ஒட்டியிருந்தால் இறுகிவிடும். பாட்டிலை முழுசாக நிரப்பாமல் விற்பது அதனால்தான். கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம்!

இறுகிய பசை மரை இடுக்கை அடைத்துக்கொள்ளும். எண்ணெய் உள்ளே இறங்காது, இறங்கினாலும் கரைக்காது.

அப்படியானால் எப்படிக் கண்டுபிடிப்பது? பக்கத்தில் கழலக்கூடிய இன்னொரு ஸ்க்ரூவைக் கழற்றி மரையைப் பாருங்கள். காவிப் பொடி என்றால் துரு. நீலமாகவோ சிவப்பாகவோ ஒட்டியிருந்தால் பெரும்பாலும் பசை. நீலம், கைக் கருவிக்கே விட்டுக்கொடுக்கும் ரகம். தலைக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளியை நன்றாக அழுத்திக்கொண்டு, அவசரப்படாமல் திருப்புங்கள். அளவு தப்பினால் தலை மழுங்கிவிடும். அப்புறம் டிரில் போடும் வேலைதான்.

சிவப்பு என்றால் சூடு வேண்டும், ஏறக்குறைய 250 டிகிரி. ஹேர் டிரையர் அந்த அளவுக்குப் போகாது. சின்ன ஸ்க்ரூவின் தலையில் சால்டரிங் அயர்ன் முனையை ஓரிரு நிமிடம் அழுத்திவைத்து, சூடு ஆறுவதற்குள் திருப்ப வேண்டும். ஆறினால் மறுபடி பிடித்துக்கொள்ளும். பெரிய போல்ட்டுக்கு ஹீட் கன். ஜன்னலைத் திறந்து வையுங்கள், புகையை முகராதீர்கள்.

பயம் எங்கே என்றால், முதலில் எண்ணெய் ஸ்பிரே அடித்துப் பார்த்துவிட்டு, கழலவில்லையே என்று அதே இடத்தில் சூடு காட்டுவது. குப்பென்று பற்றிக்கொள்ளும். பெட்ரோல் டேங்க், பேட்டரி பக்கமும் சூடு கூடாது. போன், லேப்டாப்பில் கிட்டவே கொண்டுபோகாதீர்கள். டிஸ்க் போல்ட்டை மெக்கானிக்கிடம் விட்டுவிடுவதே நல்லது. சக்கர பேரிங் கிரீஸும் ரப்பர் சீலும் அங்கேதான் இருக்கின்றன.

கழன்ற ஸ்க்ரூவை அப்படியே திருப்பி மாட்டக் கூடாது. கம்பி பிரஷ்ஷால் பழைய பசையைத் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் துடைத்து, புதிதாக ஒரு சொட்டு நீலம். பிரேக் போல்ட்டில் இதைத் தவறவிட்டால் ஓட்டத்தில் கழன்றுவிடும். வேலை முடிந்ததும் மெக்கானிக்கிடம் "பசை வச்சீங்களாண்ணே?" என்று கேட்டுவிடுங்கள்.

மூக்குக் கண்ணாடி பிளாஸ்டிக் பிரேமாக இருந்தால் இந்தப் பசையே வேண்டாம். சில பிளாஸ்டிக்குகள் இது பட்டால் விரிசல் விடும்.