எழும்பினது ஆர், செத்தது ஆர்?

எயார்ட்ரியோனியன்ஸ் கழகத்தின்ர கதையை உதைபந்தாட்ட ரசிகர்கள் ஒரு மீட்சிக் கதையாகச் சொல்லுவினம். ஸ்கொட்லாந்தில் 1878இல் தொடங்கின கழகம். 1924இல் ஸ்கொட்டிஷ் கிண்ணத்தை வென்றது. 2002இல் கடனில் மூழ்கி மூடப்பட்டது. பிறகு மீண்டெழுந்ததாம். கேட்க நல்லாத்தான் இருக்கு. எப்படி எழும்பினது எண்டு கேட்டால்தான் கதை நாறும்.

மூடப்பட்ட கையோடு எயார்ட்ரி யுனைட்டட் என்ற புதுக் கழகம் லீக்கில் இடம் கேட்டது. கிடைக்கவில்லை; அந்த வெற்றிடம் கிரெட்னாவுக்குப் போனது. அதே நேரம் கிளைட்பாங்க் என்ற இன்னொரு கழகமும் கடனில் தத்தளித்தது. அதன் சொந்த மைதானமான கில்போவி 1996இலேயே கைவிட்டுப் போனது. அதற்குப் பிறகு இரவல் மைதானங்களில்தான் ஆட்டம். எயார்ட்ரிக்காரர் அந்தக் கழகத்தை வாங்கினார்கள். ஊரை மாற்றி, பெயரை மாற்றி, அதன் லீக் இடத்தில் தாங்கள் ஏறிக் குந்தினார்கள். 2013இல் பழைய எயார்ட்ரியோனியன்ஸ் பெயரையும் எடுத்துக்கொண்டார்கள்.

எயார்ட்ரி சனத்தின் துக்கம் பொய்யில்லை. கடைசி ஆட்டத்தில் மைதானத்துக்குள் இறங்கி கோல் கம்பத்தையே முறித்த ஆத்திரம் அது. ஆனால் தன் வீடு எரிஞ்சதுக்காக அயலவனின் வீட்டை எழுதி எடுக்கலாமோ?

'சட்டப்படி சரிதானே' எண்டு கேட்பினம். ஓம், சரிதான். சட்டத்துக்குப் பங்குகளைத் தெரியும், லீக் உரிமத்தைத் தெரியும். மழைக்குள்ள நிண்டு கத்தின சனத்தை அதுக்குத் தெரியாது.

உண்மையான மீட்சி கிளைட்பாங்கில்தான் நடந்தது. ரசிகர்கள் பெயரை மீட்டு, 2003இல் தங்கள் கழகத்தைத் தாங்களே திரும்பத் தொடங்கினார்கள். அதுவும் 'ஜூனியர்' போட்டிகளில் இருந்து. ஜூனியர் எண்டால் சின்னப்பிள்ளைகள் இல்லை. லீக்குக்கு வெளியே விளையாடின பல கழகங்களுக்கு அங்க அப்ப அப்படித்தான் பெயர். இருபது வருசம் தாண்டியும் பழைய லீக்குக்கு அவர்கள் திரும்பவில்லை. அதுக்காக இன்னொரு ஊரின் இடத்தைக் காசு குடுத்து வாங்கவுமில்லை.

அடுத்த முறை ஒரு கழகம் 'உயிர்த்தெழுந்தது' எண்டு ஆராவது சொன்னால், கைதட்ட முதல் ஒண்டைக் கேளுங்கோ: அந்த இடம் ஆரிட்ட இருந்து வந்தது?