வீட்டு மாவில் பலாப்பழ ஸ்கோன்... கசப்பு ஏன்?

“ரேஷன் கோதுமையை மில்லில் அரைத்து, பலாச்சுளை, முந்திரி சேர்த்து ‘ஸ்கோன்’ சுட்டோம். முதல் முறை நன்றாக வந்தது. இரண்டு மாதம் கழித்து அதே மாவில் சுட்டபோது கசந்தது. கல் போல இறுகியும் விட்டது. கடலூரில் ஒரு டீக்கடையில் கேட்கிறார்கள். தொடர்ந்து சுட்டுக் கொடுக்கலாமா?”

- வாசகி, சிதம்பரம்.

“கொடுக்கலாம். ஆனால், மாவைச் சேர்த்து வைக்கக் கூடாது. கோதுமையின் முளைப்பகுதியில் எண்ணெய் இருக்கிறது. முழுக் கோதுமையாக இருக்கும்வரை அது பத்திரம். அரைத்ததும் காற்று பட்டு, நாளடைவில் சிக்கு வாடையும் கசப்பும் வந்துவிடும். மைதாவில் தவிடும் முளையும் நீக்கப்படுவதால் அது அதிக நாள் தாங்குகிறது. எனவே, கோதுமையைக் காயவைத்து இருப்பு வைத்து, வாரம் ஒருமுறை தேவைக்கு மட்டும் அரைக்க வேண்டும். மில்லில் மிளகாய் அரைத்த கையோடு கோதுமையைப் போடக் கூடாது. அரைத்த மாவைச் சூட்டோடு டப்பாவில் மூடினால் வேர்த்துக் கட்டி பிடிக்கும். பரப்பி ஆறவைத்தே மூட வேண்டும்.

கல் போல இறுகுவதற்குக் காரணம் வேறு. ஸ்கோன், இங்கிலாந்து, ஸ்காட்லாந்து பக்கம் தேநீரோடு சாப்பிடும் ரொட்டி. இதைச் சப்பாத்தி மாவு போல அடித்துப் பிசைந்தால் இறுகிவிடும். தவிடு தண்ணீரை மெதுவாக உறிஞ்சுவதால், மைதாவைவிடப் பாலும் கூடுதலாகத் தேவைப்படும்.

மாவு 250 கிராம், பேக்கிங் பவுடர் இரண்டரை டீஸ்பூன், நாட்டுச் சர்க்கரை 40 கிராம், உப்பு ஒரு சிட்டிகை ஆகியவற்றைக் கலந்து, குளிர்ந்த வெண்ணெய் 60 கிராமை விரல் நுனியால் உதிர்த்துவிட வேண்டும். உலர்ந்த பலாத் துண்டும் முந்திரியும் சேர்ந்து 60 கிராம் போதும். பால் 150 முதல் 175 மில்லி ஊற்றி, மாவு ஒன்றுசேர்ந்ததும் கையை எடுத்துவிட வேண்டும். 10 நிமிடம் கழித்து முக்கால் அங்குல கனத்தில் தட்டி, வட்டமாக வெட்டி, 200 டிகிரி சூட்டில் 15 முதல் 18 நிமிடம் சுட வேண்டும். அவன் இல்லாதவர்கள், அடி கனமான பாத்திரத்தில் மணல் பரப்பி, மூடிபோட்டு 10 நிமிடம் சூடாக்கி, உள்ளே ஸ்டாண்ட் வைத்து அதன்மேல் தட்டை வைக்கலாம். வேக அரை மணி நேரம் ஆகும்.

பச்சைச் சுளையைப் போட்டால் நடுவில் வேகாமல் பிசுபிசுக்கும். பண்ருட்டிப் பலா மலிவாகக் கிடைக்கும் சீசனிலேயே சுளையை நீளவாக்கில் நறுக்கி, கையில் ஈரம் ஒட்டாத அளவுக்கு உலர்த்தி வைத்துக்கொள்ளலாம்.

கடற்கரைப் பகுதியின் ஈரக்காற்றில் ஸ்கோன் இரண்டு நாள்தான் தாங்கும். அதனால், ஆர்டர் வந்த பிறகு சுட்டு, தயாரித்த தேதியை எழுதிக் கொடுப்பதே நல்லது. ரேஷன் கோதுமை வீட்டுத் தேவைக்கு மட்டுமே. விற்பனைக்கு வெளியில்தான் கோதுமை வாங்க வேண்டும். வீட்டில் செய்து விற்றாலும், உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்வது கட்டாயம். மதிப்புக்கூட்டல் பயிற்சி குறித்து, விருத்தாசலத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரிக்கலாம்.

ஒரு கிலோ பழைய மாவைக் கோழிக்குப் போட்டால் அந்த மாவோடு நஷ்டம் முடிந்துவிடும். அதையே சுட்டுக் கொடுத்தால், டீக்கடை ஆர்டரே கைவிட்டுப் போய்விடும்.”