வாட்ஸ் பத்தலையாம்!

மக்களே, பாட்டு கேக்க நல்ல செட் சொல்லுங்கன்னு யாராவது வந்தா போதும், வாட்ஸ், ஆம்ப், ஒயர்னு பொளந்து கட்டறோம். "பெட்டியை எங்கே வைக்கப் போறே?"ன்னு ஒருத்தரும் கேக்கறதில்லை. எனக்கும் இந்த வியாதி இருந்தது, அதனால தைரியமா திட்டறேன்.

வரிச்சிக்குடியில எங்க வீட்டு முன்ரூம் பத்துக்குப் பத்து. உயரமும் பத்தடி. மொசைக் தரை, காங்கிரீட் கூரை, வெறும் சுவர். ஒரு ஸ்பீக்கர் பீரோ மேல, இன்னொண்ணு பரண் மேல, ஆளுக்கொரு மூலை. எதிர்ச் சுவரை ஒட்டி அப்பாவோட கட்டில். "மிருதங்கம் மட்டும் தொம் தொம்முங்குது, பாடறவர் என்ன சொல்றார்னே புரியலடா"ன்னார். வயசு 74. காது போச்சுன்னு நாங்க முடிவு கட்டிட்டோம். அவரும் நம்பி, கச்சேரி கேக்கறதையே விட்டுட்டார். ஒரு கடைக்காரர் தீர்ப்பு: "வாட்ஸ் பத்தல சார்." நானும் பெரிய ஆம்ப்புக்குப் பணம் எடுத்து வச்சேன்.

அப்புறம்தான் கணக்கு போட்டேன். ஒலி நொடிக்கு சுமார் 345 மீட்டர் ஓடுது. பத்தடி சுமார் 3 மீட்டர். எதிரெதிர் சுவருக்குள்ள அந்த அலை முட்டி மோதி 57 ஹெர்ட்ஸ் பக்கத்துல நின்னு உறுமும். நீளம், அகலம், உயரம் மூணும் ஒண்ணா இருந்தா மூணு உறுமலும் ஒரே இடத்துல வந்து விழும். மூலையில வச்ச பெட்டி அதுக்கு இன்னும் தீனி போடும். சுவரோரம் படுத்திருக்கறவருக்குத்தான் அது உச்சம். ரூம் நடுவுல நின்னா அடங்கிடும். அப்பா காதுல விழுந்தது மிருதங்கம் இல்ல சாமி, எங்க வீடு! இதுக்கு வாட்ஸை ஏத்தினா வீடு இன்னும் சத்தமா பாடும்.

1895ல ஹார்வர்டுல இதே கூத்து. புதுசா கட்டின ஒரு லெக்சர் ஹால்ல பேசறது புரியல. சேபைன்னு ஒரு இளம் வாத்தியாரை சரி பண்ணச் சொன்னாங்க. மனுஷன் பக்கத்து தியேட்டர் சீட் மெத்தையை ராத்திரியில தூக்கிட்டு வந்து அடுக்கி, எதிரொலி அடங்க எத்தனை நொடி ஆகுதுன்னு அளந்தார். அவரோட அளவுகோல் என்ன தெரியுமா? திறந்த ஜன்னல்! போன சத்தம் திரும்பி வராது இல்லையா. (நம்ம ஊர்ல ஜன்னலைத் திறந்தா பஸ் ஹாரன் உள்ளே வரும், அது வேற கதை.)

நான் பண்ணினது இவ்வளவுதான். பெட்டிகளை இறக்கி, பின்சுவர்லேர்ந்து ஒன்றரை அடி தள்ளி, ஸ்டூல் மேல காது உயரத்துக்கு வச்சேன். ரெண்டுக்கும் நடுவுல ஆறடி, காதுக்கும் ஆறடி. கட்டிலை சுவரை விட்டு இழுத்தேன். பக்கச் சுவர்ல முகம் பாக்கற கண்ணாடியை நகர்த்தி, கேக்கற இடத்துலேர்ந்து ஸ்பீக்கர் எங்கே தெரியுதோ அங்கே ஒரு பக்கம் புத்தக அலமாரி, மறுபக்கம் இலவம்பஞ்சு மெத்தையை நிமிர்த்தி மேல பழைய புடவை. முட்டை அட்டை ஒட்டச் சொல்ற அறிவாளிகளே, அது கீச்சுச் சத்தத்தைத்தான் கொஞ்சம் குறைக்கும், உறுமல் அப்படியே நிக்கும். பல்லி குடும்பம் நடத்தும்.

சரியா வச்சாச்சான்னு பாக்க ராஜரத்தினம் பிள்ளை நாதஸ்வரம் போட்டேன். எல்லாம் மோனோ, அதனால சத்தம் ரெண்டு பெட்டிக்கும் நட்ட நடுவுல நிக்கணும். நின்னுது. அடுத்து அப்பாவோட கச்சேரி. ரெண்டு நிமிஷம் பேசாம இருந்தவர், "பல்லவி வார்த்தை கேக்குதே"ன்னார். காது கொஞ்சம் மந்தம்தான், டாக்டரும் சொன்னார். ஆனா நாங்க நினைச்ச அளவுக்கு இல்ல. இப்ப தினம் சாயந்திரம் ஆறு மணிக்கு ரூம் அவருக்கு. அம்மாவுக்குத்தான் கோபம், நடக்க இடமில்லையாம்.

ஒயரை மாத்தினா குரல் தெளியும்னு இன்னும் சொல்றவங்க வரிச்சிக்குடிக்கு வாங்க. கண்ணைக் கட்டிட்டு எது எந்த ஒயர்னு சொல்லுங்க பாப்போம். தோத்தாலும் மீன்குழம்பு உண்டு :-)